பூச்சிகளின் மண ஏற்பிகளைச் செயற்கைச் சவ்வில் ஆய்வது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

1959ஆம் ஆண்டில் அடால்ஃப் புட்டேனாண்ட் தலைமையிலான ஜெர்மானியக் குழுவினர், ஏறத்தாழ ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து பாம்பிகால் என்ற ஒரே ஒரு மணப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பெண் பூச்சி வெளிவிடும் அந்த மூலக்கூறை ஆண் பூச்சியின் உணர்கொம்பில் எந்தப் புரதம் பற்றிக்கொள்கிறது என்பது 2004ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. இப்படி மணப்பொருளைப் பற்றும் புரதங்களான மண ஏற்பிகள் மிகக் குறைந்த அளவில், செல்சவ்வுக்குள் புதைந்து கிடக்கின்றன. சவ்வை விட்டு வெளியே எடுத்தால் அவை எளிதில் உருக்குலைந்துவிடும். அவற்றை உயிருள்ள செல்லிலிருந்து பிரித்து, நாமே கட்டிய சவ்வில் பொருத்தி, மணப்பொருள் சேரும்போது ஓடும் மின்னோட்டத்தை அளப்பதே இங்கு விளக்கப்படும் முறை. உயிர்இயற்பியலும் உயிர்த்தொழில்நுட்பமும் பயிலும் முதுநிலை மாணவர்களையும், முதன்முறையாக இத்துறைக்குள் வரும் வேதியியலாளர்களையும் பூச்சியியலாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் ஏற்பியைத் தயாரிப்பதில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, சவ்வைப் பழகிக்கொள்ளச் சில நாட்களைக்கூட ஒதுக்காமல் அளவீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திரையில் தெரியும் மின்னோட்டத் தாவல் ஏற்பி திறந்ததால் வந்ததா, சவ்வு கசிந்ததால் வந்ததா என்பதைச் சவ்வை நன்கு அறிந்தவரால் மட்டுமே தீர்மானிக்க முடியும். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வேறு: முதலில் வெற்றுச் சவ்வு, அடுத்து நன்கு அறியப்பட்ட ஓர் அயனி வாய்க்கால், அதன் பிறகே மண ஏற்பி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்பியைப் பற்றி முன்கூட்டியே அறிய வேண்டியவை

மனிதன் உள்ளிட்ட முதுகெலும்பிகளின் மண ஏற்பிகள், மணப்பொருளைப் பற்றியதும் செல்லுக்குள் ஜி-புரதம் என்ற இடையாளைத் தூண்டி, பல படிகளைக் கடந்தே மின்குறியை உண்டாக்குகின்றன. பூச்சிகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று, பழ ஈயின் ஏற்பி மரபணுக்கள் 1999இல் கண்டறியப்பட்டபோது பலரும் எண்ணினார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு, பூச்சி ஏற்பி சவ்வில் தலைகீழாக அமர்ந்திருப்பதைக் காட்டியது: வழக்கமான ஜி-புரத ஏற்பிகளில் செல்லுக்கு வெளியே இருக்கும் புரதத் தொடக்க முனை, இங்கே செல்லுக்கு உள்ளே இருக்கிறது. 2008இல் தோக்கியோவிலும் ஜெர்மனியின் யேனாவிலும் இயங்கிய இரு குழுக்கள், இந்த ஏற்பிகளே அயனி வாய்க்கால்களாகவும் செயல்படுகின்றன என்பதைத் தனித்தனியே வெளியிட்டன. மணப்பொருள் வந்து பொருந்தியதும் வாய்க்கால் திறந்து, நேர்மின் அயனிகள் அதன் வழியே பாய்கின்றன.

செயற்கைச் சவ்வில் இந்த ஆய்வைச் செய்ய முடிவது இந்தப் பண்பால்தான். இடையாள் புரதங்கள் எவையும் தேவையில்லை. ஏற்பியும், சவ்வும், உப்புக் கரைசலும், மணப்பொருளும் இருந்தால் போதும், மின்னோட்டம் தோன்ற வேண்டும். உயிருள்ள செல்லில் நூறு வேறு வாய்க்கால்கள் கலந்து ஒலிக்க, இங்கே ஆய்வாளர் வைத்தவை மட்டுமே இருக்கின்றன.

வாய்க்கால் நான்கு புரத அலகுகள் கூடி அமைவது. பெரும்பாலான பூச்சிகளில் மணத்தை அடையாளம் காணும் ஏற்பியோடு ‘ஓர்கோ’ என்ற துணை ஏற்பியும் சேர்ந்தே வாய்க்காலைக் கட்டுகிறது. ஏற்பிகள் பூச்சிக்குப் பூச்சி வெகுவாக மாறினாலும், ஓர்கோ பூச்சியினங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. அத்திக் குளவியின் ஓர்கோ நான்கு மட்டும் கூடிய வாய்க்காலின் வடிவத்தை, ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வெனெஸ்ஸா ரூட்டாவின் குழு 2018இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளிக்கொணர்ந்தது. 2024இல் வெளியான கொசு ஏற்பிகளின் வடிவங்கள், ஒரு வாய்க்காலில் மண ஏற்பி அலகு ஒன்றும் ஓர்கோ அலகுகள் மூன்றும் இருப்பதைக் காட்டின. ஒன்றுக்கு மூன்று என்ற இந்த விகிதத்தை நினைவில் வைத்திருங்கள். புரதத்தைத் தூய்மைப்படுத்தும் படியில் இது மிக முக்கியமாகும்.

எந்த ஏற்பியில் தொடங்குவது

தொடக்கத்திலேயே கொசுவின் ஏற்பியை எடுத்துக்கொள்ளும் ஆசை இயல்பானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் மூக்கை அறிவது எவ்வளவு பயனுள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இரு வகை அலகுகள் கலந்த வாய்க்காலில் தொடங்குவது புதியவருக்குக் கடினம். என் பரிந்துரை மூன்று கட்டங்கள் கொண்டது.

முதல் கட்டத்தில் ஓர்கோவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது மணம் எதையும் உணராது. ஆனால் 2011இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த வி.யு.ஏ.ஏ.1 என்ற செயற்கைச் சேர்மம் அதை நேரடியாகத் திறக்கிறது. புரதம் சவ்வில் ஏறியதா, உயிர்ப்போடு இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டாம் கட்டத்தில் மாக்கிலிஸ் ஹ்ராபேயி என்ற சிறகற்ற பழமையான பூச்சியின் ஐந்தாம் ஏற்பிக்குச் செல்லுங்கள். அந்தப் பூச்சியிடம் ஓர்கோவே கிடையாது. அதன் ஏற்பி நான்கு ஒரே வகை அலகுகளால் ஆனது. 2021இல் அதன் வடிவம் வெளியானபோது, கிராம்பின் மணப்பொருளான யூஜெனாலும், கொசு விரட்டியான டீட்டும் ஒரே குழியில் பொருந்தியிருப்பதைக் காண முடிந்தது. அந்தக் குழி சவ்வின் வெளிப்புறப் பாதியில், நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் சூழ அமைந்திருக்கிறது. மணப்பொருளை அது இறுக்கமான பிணைப்புகளால் பிடிப்பதில்லை. அதனால்தான் வடிவத்தில் வேறுபட்ட பல பொருள்களுக்கும் அந்த ஏற்பி பதிலளிக்கிறது. யூஜெனால் விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது என்பதும் புதியவருக்கு வசதி.

மூன்றாம் கட்டத்தில்தான் மண ஏற்பியும் ஓர்கோவும் சேர்ந்த வாய்க்கால். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு கொசுக்களின் எட்டாம் ஏற்பி. அது 1-ஆக்டென்-3-ஆல் என்ற பொருளை உணர்கிறது. சுருக்கமாக ஆக்டினால் என்பார்கள். காளான் மணத்துக்குக் காரணமான இப்பொருள் மாடுகளின் மூச்சிலும் உண்டு. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷோஜி டாகேயுச்சியின் குழு 2021இல் கொசு ஏற்பியைச் செயற்கைச் சவ்வில் பொருத்தி, மனித மூச்சுக் காற்றில் கலந்த ஆக்டினாலை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே உணர முடியும் என்று காட்டியது. இந்த வழிகாட்டியில் விளக்கப்படும் இரட்டைக் கிணறு முறையும் அக்குழுவினர் வளர்த்தெடுத்த வழியைச் சேர்ந்தது.

முதல் படி: சவ்வைக் கட்டுதல்

செயற்கைச் சவ்வின் வரலாறு 1962இல் முல்லரும் உடனிருந்தோரும் ஒரு சிறு துளையின் மேல் கொழுமிய (லிப்பிடு) கரைசலைத் தூரிகையால் பூசியதில் தொடங்குகிறது. பூசிய படலம் மெலிந்து, இரண்டே மூலக்கூறு அடுக்குகளாகச் சுருங்கும்போது ஒளியைப் பிரதிபலிக்காமல் கறுத்துத் தோன்றியதால், அதற்குக் கருஞ்சவ்வு என்ற பெயர் வந்தது. 1972இல் மோண்டலும் முல்லரும் நீர்ப்பரப்பில் மிதக்கும் இரு ஒற்றை அடுக்குகளைத் துளையின் இருபுறமும் உயர்த்திச் சேர்க்கும் முறையை வகுத்தார்கள். இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் கைத்திறன் பழகாதவருக்கு நீர்த்துளித் தொடுகை முறையே, அதாவது முன்பு சொன்ன இரட்டைக் கிணறு முறையே ஏற்றது என்பேன்.

அதன் அமைப்பு எளிமையானது. அக்ரிலிக் தகட்டில் சில மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கிணறுகள், எண் எட்டின் வடிவில் ஒன்றையொன்று தொட்டபடி குடையப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலிமர் தடுப்பு. அதில் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளை. கிணறுகளில் முதலில் டெக்கேன் என்ற எண்ணெயில் கரைத்த கொழுமியத்தைச் சில மைக்ரோலிட்டர் இட வேண்டும். அடுத்து இருபுறமும் 20 மைக்ரோலிட்டர் அளவில் உப்புக் கரைசலை விட வேண்டும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் கொழுமிய மூலக்கூறுகள் தாமாக ஓர் அடுக்காக நிற்கும். இரு துளிகளும் துளையின் வழியே தொடும்போது இரண்டு அடுக்குகள் ஒட்டி ஈரடுக்குச் சவ்வாகின்றன. சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும்.

கொழுமியமாக டைஃபைட்டனாயில் பாஸ்ஃபாட்டிடைல்கோலினைப் பயன்படுத்துங்கள். அதன் கொழுப்பு வால்களில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுவதில்லை. அறை வெப்பநிலை ஏறி இறங்கினாலும் உறைவதுமில்லை. குளோரோஃபார்மில் வரும் கொழுமியத்தைக் கண்ணாடிக் குப்பியில் மட்டுமே கையாள வேண்டும், ஏனெனில் குளோரோஃபார்ம் நெகிழியைக் கரைத்துக் கொழுமியத்தோடு கலந்துவிடும். நைட்ரஜன் வாயுவை மெல்லச் செலுத்தி உலர்த்தி, வெற்றிடத்தில் சில மணி நேரம் வைத்து எஞ்சிய கரைப்பானையும் நீக்கிய பிறகே டெக்கேனில் கரைக்க வேண்டும். இந்த வேலைகளைப் ஆய்வகத்தின் நச்சுவாயு வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹுட்) செய்யுங்கள்.

இந்தக் கொழுமியம் பூச்சியின் சவ்வில் இருப்பது அன்று. பழ ஈயின் சவ்வில் பாஸ்ஃபாட்டிடைல் எத்தனாலமின் வகையே மிகுதி. மேலும் பூச்சிகளால் ஸ்டெரால்களைத் தாமே உருவாக்க இயலாது; உணவிலிருந்தே பெறுகின்றன. ஏற்பி சரியாக இயங்கவில்லை என்றால் எத்தனாலமின் வகைக் கொழுமியத்தையும் கொலஸ்டிராலையும் சிறிது சிறிதாகக் கலந்து பார்க்கலாம். ஆனால் தொடக்கத்தில் உறுதியான, கெடாத, ஒரே வகைக் கொழுமியமே நல்லது.

கரைசலுக்கு 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் 10 மில்லிமோலார் ஹெபீஸ் தாங்கலும் பி.எச். 7.4இல் போதும். மின்முனைகள் வெள்ளிக் கம்பிகள். அவற்றை வெளுப்புக் கரைசலில் ஊறவைத்து வெள்ளி குளோரைடு படியச் செய்ய வேண்டும். படிவு உரிந்து வெள்ளி பளிச்சிட்டால் அளவீட்டின் அடிக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மிகச் சிறிய மின்னோட்டங்களை அளக்கும் பேட்ச் கிளாம்ப் பெருக்கியும், மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் ஃபாரடே கூண்டும், அதிர்வைத் தாங்கும் மேசையும் தேவை. 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் பதிவில் தெரிந்தால், கருவிகளின் புவியிணைப்புகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி: வெற்றுச் சவ்வை அளந்து பழகுதல்

சவ்வு உண்டாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது, மின்தேக்குத்திறனே சான்று. முக்கோண வடிவ மின்னழுத்த அலையைச் செலுத்தினால் சதுர வடிவ மின்னோட்டம் திரும்பி வரும். அதன் உயரத்தை மின்னழுத்தம் மாறும் வேகத்தால் வகுத்தால் மின்தேக்குத்திறன் கிடைக்கும். நொடிக்கு 1 வோல்ட் வேகத்தில் மாறும் அலைக்கு 50 பைக்கோஆம்பியர் வந்தால், சவ்வின் மின்தேக்குத்திறன் 50 பைக்கோஃபாரட். 100 மைக்ரோமீட்டர் துளையை நிறைத்த ஈரடுக்குக்கு 30 முதல் 60 பைக்கோஃபாரட் எதிர்பார்க்கலாம். இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் துளையில் எண்ணெய் தேங்கியிருக்கிறது என்று பொருள். காத்திருங்கள், அல்லது கொழுமியக் கரைசலின் அளவைக் குறையுங்கள்.

அடுத்தது மின்தடை. சில கிகாஓமாவது இருக்க வேண்டும்; 10 கிகாஓமைத் தாண்டுவதே நல்ல சவ்வு. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதைச் சிறு கணக்கே காட்டும். 20 பைக்கோசீமென்ஸ் கடத்துதிறன் கொண்ட ஒரு வாய்க்கால் 60 மில்லிவோல்ட்டில் திறந்தால் கிடைப்பது 1.2 பைக்கோஆம்பியர் மட்டுமே. 1 கிகாஓம் சவ்வில் அதே மின்னழுத்தத்துக்குக் கசிவு மட்டும் 60 பைக்கோஆம்பியர். அந்தக் கசிவு சற்றே அலைபாய்ந்தாலும் ஏற்பியின் குறி அதில் மூழ்கிவிடும்.

இப்போது புதியவர்கள் தவிர்க்க விரும்பும் வேலைக்கு வருகிறோம். ஏற்பி எதுவும் இல்லாத சவ்வைப் பலமுறை கட்டி, ஒவ்வொன்றையும் நீண்ட நேரம் பதிவு செய்யுங்கள். மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த அளவில் சவ்வு கிழிகிறது என்று பாருங்கள். பிறகு, பின்னர் பயன்படுத்தப்போகும் மணப்பொருளையும், அதைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானையும், புரதத்தைச் சவ்விலிருந்து கரைத்தெடுக்கப் பயன்பட்டு அதனோடு வரும் டிடர்ஜென்ட்டையும் தனித்தனியே சேர்த்துப் பாருங்கள். வெற்றுச் சவ்வே சில வேளைகளில் வாய்க்கால் போலத் திறந்து மூடும் மின்னோட்டப் படிகளைக் காட்டும் என்பதை அப்போது நேரில் அறிவீர்கள். குறிப்பாக டிடர்ஜென்ட்டின் எச்சம் உண்டாக்கும் தற்காலிகத் துளைகள், அனுபவமுள்ளவரையும் ஏமாற்றும் அளவுக்கு ஒழுங்கான வடிவில் வரும். ஆக்டினாலும் ஓர் ஆல்கஹால். செறிவு மிகுந்தால் எந்த ஏற்பியின் உதவியுமின்றிச் சவ்வைக் குலைக்கும். எந்தச் செறிவு வரை வெற்றுச் சவ்வு அமைதியாக இருக்கிறதோ, அந்தச் செறிவே ஆய்வின் மேல் எல்லை. இந்த எல்லையைத் தாமே அளந்து குறித்துக்கொள்ளாதவர் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: அறிந்த வாய்க்காலில் பயிற்சி

பலர் இதற்குச் சவ்வில் துளையிடும் பாக்டீரியாப் புரதமான ஆல்ஃபா ஹீமோலைசினைப் பயன்படுத்துகிறார்கள். 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 100 மில்லிவோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 100 பைக்கோஆம்பியர் தருவதால் அடையாளம் காண எளிது. ஆனால் அந்த எளிமையே பயிற்சிக்குக் குறை. மண ஏற்பியின் படிகள் அதைவிட மிகச் சிறியவை. ஆகவே ஹீமோலைசினால் கருவி இயங்குவதை உறுதி செய்த பிறகு, கிராமிசிடின் என்ற சிறு பெப்டைடுக்கு மாறுங்கள். அதன் படிகள் ஓரிரு பைக்கோஆம்பியர் அளவிலேயே இருக்கும். அவற்றை 1 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியோடு தெளிவாகப் பிரித்தறிய முடிந்தால், உங்கள் அமைப்பு ஏற்பிக்கு ஆயத்தமாகிவிட்டது. கிராமிசிடின் மிகச் சிறிய அளவிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த அளவீடுகளைக் கெடுக்கும் என்பதால், அதற்கென்று தனிக் கிணற்றுத் தகடும் தனி மின்முனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஏற்பிப் புரதத்தைத் தயாரித்தல்

புரதத்தை மனிதச் சிறுநீரகச் செல்வரிசையிலோ, எஸ்.எஃப்.9 பூச்சிச் செல்களிலோ, செல்லற்ற கோதுமை முளைச் சாற்றிலோ உருவாக்கலாம். எது கையில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் முதலில் அதே மரபணு, செல்லுக்குள் இருக்கும்போது மணப்பொருளுக்குப் பதிலளிக்கிறதா என்று கால்சியம் ஒளிர்வு முறையிலோ தவளை முட்டைச் செல்லிலோ சோதித்துவிடுங்கள். செல்லிலேயே இயங்காத ஏற்பி செயற்கைச் சவ்வில் இயங்கப் போவதில்லை.

தூய்மைப்படுத்தும்போதுதான் முன்பு சொன்ன ஒன்றுக்கு மூன்று விகிதம் முக்கியமாகிறது. மண ஏற்பியையும் ஓர்கோவையும் ஒரே செல்லில் உருவாக்கினால், நான்கும் ஓர்கோவாகவே அமைந்த வாய்க்கால்களும் கூடவே உருவாகும். புரதத்தைப் பிடித்திழுத்துப் பிரிப்பதற்காக அதனோடு சேர்க்கும் சிறு ஒட்டுத்துண்டை ஓர்கோவின் மேல் வைத்தால் இரண்டு வகையும் கலந்து வரும். மண ஏற்பியின் மேல் வைத்தால் குறைந்தது ஓர் ஏற்பியாவது உள்ள வாய்க்கால்கள் மட்டுமே வரும். மணப்பொருளுக்கு வாய்க்கால் பதிலளிக்கவில்லை என்ற சிக்கல் பல வேளைகளில் இந்த இடத்திலேயே பிறக்கிறது. ஒட்டுத்துண்டு மண ஏற்பியில் இருக்கட்டும்.

சவ்விலிருந்து புரதத்தைக் கரைத்தெடுக்க டி.டி.எம். போன்ற மென்மையான டிடர்ஜென்ட்டையும், அதனோடு கொலஸ்டிரால் வகைச் சேர்மத்தையும் பயன்படுத்துவது வழக்கம். அளவுவாரியாகப் பிரிக்கும் நிரல் வண்ணப்படிவில் நான்கு அலகுக் கூட்டு ஒரே கூர்முகடாக வெளிவர வேண்டும். தொடக்கத்திலேயே அகன்ற முகடு வந்தால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டது. அந்தத் தொகுதியை மேலே கொண்டுசெல்வது நேரத்தை வீணாக்கும்.

பிறகு அதை லிபோசோம் என்ற கொழுமியக் குமிழிகளில் ஏற்ற வேண்டும். உலர்ந்த கொழுமியத்தைக் கரைசலில் ஊறவைத்து, உறையவைத்து உருக்கும் சுழற்சிகளுக்குப் பின், 100 நானோமீட்டர் துளைகள் உள்ள பாலிகார்பனேட் வடிகட்டியின் வழியே பலமுறை செலுத்தினால் ஒரே அளவான குமிழிகள் கிடைக்கும். அவற்றைச் சிறிது டிடர்ஜென்ட்டால் தளர்த்தி, புரதத்தைக் கலந்து, டிடர்ஜென்ட்டை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகளைப் பகுதி பகுதியாகச் சேர்த்து அகற்றுங்கள். மணிகளை ஒரேயடியாகச் சேர்த்தால் புரதம் குமிழியில் ஏறுமுன் திரண்டுவிடும். புரதத்துக்கும் கொழுமியத்துக்கும் எடையில் 1:200 முதல் 1:1000 வரை முயலலாம். இதே முறையில், இதே டிடர்ஜென்ட்டோடு, புரதம் மட்டும் இல்லாத குமிழிகளையும் எப்போதும் கூடவே தயாரியுங்கள். அவைதான் பின்னர் உங்கள் முடிவைக் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: ஏற்பியைச் சவ்வில் பொருத்துதல்

குமிழிகளை ஒரு கிணற்றுக் கரைசலில் கலந்து, சவ்வு உருவாகும்போதே அவை இணைய விடுவது எளிய வழி. பெரிய அறைகள் கொண்ட அமைப்பாக இருந்தால், குமிழிகள் இருக்கும் பக்கம் உப்பின் செறிவை மறுபக்கத்தைவிட மூன்று மடங்கு வைத்து, சவ்வூடு பரவல் அழுத்தத்தால் இணையச் செய்யலாம். இணைந்ததும் செறிவைச் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் மின்னழுத்தம் செலுத்தாமலே மின்னோட்டம் ஓடும்.

ஏற்பி சவ்வில் எந்தத் திசையில் அமரும் என்பது நம் கையில் இல்லை. சில நேராகவும் சில தலைகீழாகவும் அமரும். மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை, சவ்வையும் கடப்பவை என்பதால் இது அஞ்சும் அளவுக்குத் தடையாவதில்லை. ஆயினும் சவ்வைக் கடக்க இயலாத தடுப்பான்களைப் பயன்படுத்தும்போது ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்துவிட்டு, தடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

புரதம் ஏறியதும் மணப்பொருளைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். ஓர்கோ உள்ள வாய்க்கால்கள் எதுவும் சேர்க்காமலே அவ்வப்போது தாமாகத் திறப்பவை. அந்த இயல்பான துடிப்பைச் சில நிமிடங்களாவது பதிவு செய்தால்தான், பின்னர் வரும் மாற்றம் மணப்பொருளால் வந்தது என்று சொல்ல முடியும்.

ஆறாம் படி: மணப்பொருளைச் சேர்த்தல்

இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் பிழைகள் மிகுதியாக நுழைவது இங்கேதான். 20 மைக்ரோலிட்டர் கிணற்றில் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் பொருள் 21 மடங்கு நீர்க்கும். அதுவரை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். அது சவ்வை வந்தடையும் நேரத்தைச் சிலரே கணக்கிடுகிறார்கள். சிறு மூலக்கூறு ஒன்று கலக்கப்படாத நீரில் தானாகப் பரவி 2 மில்லிமீட்டர் கடக்க முக்கால் மணி நேரம் அளவுக்கு ஆகும். அதையே 0.2 மில்லிமீட்டர் தொலைவில் சேர்த்தால் அரை நிமிடம் போதும். பரவும் நேரம் தொலைவின் இருமடியோடு வளர்வதே காரணம். கிணற்றின் ஓரத்தில் பொருளை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் பதில் இல்லை என்று எழுதுவது ஏற்பிக்கு இழைக்கும் அநீதி. பைப்பெட் முனையைச் சவ்வுக்கு அருகே கொண்டுசென்று மிக மெதுவாக விடுங்கள், அல்லது கரைசலை மென்மையாக உள்ளிழுத்து வெளிவிட்டுக் கலக்குங்கள். இப்படிக் கலக்குவதை வெறும் கரைசலோடும் ஒருமுறை செய்து, அந்த அசைவே சவ்வைக் குலைக்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மணப்பொருள் நீரில் இருக்க விரும்புவதில்லை. கிணற்றிலுள்ள டெக்கேனும், அக்ரிலிக் சுவரும், நெகிழிக் குழாய்களும் அதை உறிஞ்சும், மீதி ஆவியாகும். ஆகவே குப்பியில் எழுதிய செறிவும் ஏற்பி உணரும் செறிவும் ஒன்றல்ல. கண்ணாடிக் குப்பியில், அன்றன்று புதிதாகக் கரைத்து, எண்ணெயின் அளவை எல்லாச் சோதனைகளிலும் ஒரேயளவாக வைத்திருந்தால் குறைந்தது ஒப்பீடுகளாவது நேர்மையாக அமையும். டி.எம்.எஸ்.ஓ. இறுதியில் 0.1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளை நான்காகச் செய்யுங்கள்: புரதமற்ற குமிழிகள் இணைந்த சவ்வில் மணப்பொருள், ஓர்கோ மட்டும் உள்ள சவ்வில் மணப்பொருள், முழு வாய்க்காலில் அந்த ஏற்பி உணராத வேறொரு மணப்பொருள், கடைசியாக, பதில் வந்த சவ்வில் ரூத்தீனியம் ரெட் போன்ற தடுப்பான். முதல் மூன்றில் மாற்றம் இல்லாமலும், நான்காவதில் மின்னோட்டம் அடங்கியும் இருந்தால்தான் பார்த்தது ஏற்பியின் பதில். மணப்பொருளுக்குப் பதில் வராத சவ்வில் கடைசியில் வி.யு.ஏ.ஏ.1 சேர்த்துப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தச் சவ்வில் உயிருள்ள வாய்க்காலே இல்லை. அந்தப் பதிவை ‘பதிலில்லை’ என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஏழாம் படி: பதிவைப் படித்தல்

வாய்க்கால் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்ற விகிதமே அடிப்படை அளவு. சவ்வில் எத்தனை வாய்க்கால்கள் இருக்கின்றன என்று உறுதியாகத் தெரியாதபோது, எண்ணிக்கையும் திறப்பு விகிதமும் பெருக்கிய மதிப்பையே எடுத்துக்கொண்டு, மணப்பொருளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். பல்வேறு மின்னழுத்தங்களில் படியின் உயரத்தை வரைந்தால் அது சுழியம் அருகே கடக்க வேண்டும். இருபுறமும் ஒரே உப்பு இருக்கும்போது அப்படிக் கடக்காத மின்னோட்டத்தை நம்பாதீர்கள்.

புள்ளியியலில் ஒரு சவ்வே ஓர் எண்ணிக்கை. ஒரே சவ்வில் ஆயிரம் திறப்புகளைப் பதிவு செய்தாலும் அது ஒரே சோதனைதான். உடைந்த சவ்வுகள், புரதம் ஏறாத சவ்வுகள், பதில் வராத சவ்வுகள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி, கட்டுரையிலும் விகிதத்தோடு சொல்லுங்கள். அழகான பதிவை மட்டும் தேர்ந்து காட்டும் வழக்கம் இத்துறையை நீண்ட காலம் பின்னுக்கு இழுத்திருக்கிறது.

காற்றிலுள்ள மணத்தை அளக்க விரும்புவோருக்கு

மேற்சொன்ன படிகள் நீரில் கரைந்த மணப்பொருளுக்கானவை. காற்றிலிருந்து நேரடியாக உணர வேண்டுமானால், நீர்த்துளிக்கும் காற்றுக்கும் இடையே மெல்லிய பிளவுகளைக் குடைந்து, அவற்றின் வழியே வாயுவைச் செலுத்துவது டாகேயுச்சி குழு கையாண்ட வழி. பிளவுகளை நீர் ஒட்டாமல் செய்தால் துளி வழிந்து ஓடாமல் நிற்கும். வாயு மட்டும் நீர்ப்பரப்பை உரசிக் கரைந்து செல்லும். சவ்வுக்கும் பிளவுக்கும் உள்ள தொலைவை எவ்வளவு குறைக்கிறீர்களோ, அவ்வளவு விரைவாகப் பதில் வரும்.

உயிருள்ள பூச்சியில் உணர்முடிக்குள் இருக்கும் நீரில் மணப்பொருளைச் சுமந்து செல்லும் சிறு புரதங்கள் நிறைந்திருக்கின்றன. 1981இல் அந்துப்பூச்சி ஒன்றின் உணர்கொம்பில் முதலில் கண்டறியப்பட்ட இந்த மணப்பிணைப்புப் புரதங்களை நம் கிணற்றுக் கரைசலில் சேர்த்து ஒப்பிடுவது, அடிப்படை அமைப்பு நிலைபெற்ற பிறகு செய்ய வேண்டிய அடுத்த சோதனை. அப்போதும் புரதம் மட்டும், மணப்பொருள் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று வகையாக வெற்றுச் சவ்வில் முதலில் அளந்துவிட்டு, அதன் பிறகே ஏற்பி உள்ள சவ்வுக்குச் செல்லுங்கள்.